ஆறு தடம் போட்டும் வண்டி நகரவில்லையே!

கேள்வி: 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' கணினி விளையாட்டின் முதல் பாகத்தை விளையாடி வருகிறேன். என் ஊரின் மக்கள்தொகை 60 ஆயிரத்தைத் தொடும்வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. அதன்பிறகு நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் இடத்தில் லாரிகள் நீண்ட வரிசையில் நிற்கின்றன. இரண்டு தடச் சாலையை நான்காக்கினேன், பிறகு ஆறாக்கினேன். அப்போதும் எல்லா வண்டியும் ஒரே தடத்தில் நிற்கிறது. பக்கத்துத் தடங்கள் காலியாகக் கிடக்கின்றன. போக்குவரத்து ஓட்டம் 58 சதவீதம் என்று காட்டுகிறது. மெட்ரோ போட்டேன், ஏற ஆள் இல்லை. குப்பை வண்டியும் சவ ஊர்தியும் நேரத்துக்கு வராததால் மக்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள். ஊரை இடித்துவிட்டு முதலிலிருந்து கட்டுவதா?

கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இடிக்க வேண்டாம். விளையாட்டை அப்படியே நிறுத்தி வையுங்கள். ஒரு சாலையையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். எல்லா வண்டியும் ஒரே தடத்தில் நிற்கிறது, பக்கத்துத் தடங்கள் காலி என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கவனித்தவருக்கு மீதி வேலை எளிது. சாலை போதாமல் நெரிசல் வந்திருந்தால் ஆறு தடமும் நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. ஆக, உங்கள் ஊருக்குக் குறைவது அகலம் இல்லை.

இந்த விளையாட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் புறப்படும் இடம் ஒன்று, சேரும் இடம் ஒன்று உண்டு. கிளம்பும்போதே எந்த வழியாகப் போவது என்று அது முடிவு செய்துவிடும். தூரத்தையும் சாலையின் வேக வரம்பையும் வைத்துத்தான் பெரும்பாலும் அந்தக் கணக்கு. முன்னால் நெரிசலாக இருக்கிறதே, வேறு தெருவில் புகுந்து போவோம் என்று முதல் பாகத்து ஓட்டுநர் நடுவழியில் மனம் மாறுவதில்லை. அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துத் தடத்துக்கு வெகு முன்பே வந்துவிடுவார். நூறு லாரிகளும் அடுத்த சந்திப்பில் இடது பக்கம் திரும்ப வேண்டியவை என்றால் நூறும் இடது தடத்தில்தான் நிற்கும். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகும் கதவு ஒன்றே ஒன்று என்றால், கூடத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் கூட்டம் கதவருகில்தான் நெரியும். நீங்கள் இரண்டு முறை கூடத்தைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள்.

2023 அக்டோபரில் வந்த இரண்டாம் பாகத்தில் ஓட்டுநர்கள் நேரம், வசதி, செலவு, நடத்தை என்ற நான்கையும் எடைபோட்டு வழி தேடுகிறார்கள். முதல் பாகத்து ஓட்டுநரைவிடச் சாமர்த்தியசாலிகள். ஆனாலும் ஒரே கதவு உள்ள ஊர் அங்கேயும் நெரியத்தான் செய்யும்.

இப்போது அந்த லாரிகள் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். 2017 மே மாதம் 'மாஸ் டிரான்சிட்' தொகுப்பு வெளியானபோது, அதை வாங்காதவர்களுக்கும் சேர்த்து ஒரு வசதியை இலவசமாகத் தந்தார்கள். தகவல் காட்சிகளில் போக்குவரத்து வழித்தடங்கள் என்பதைத் திறந்து, நெரிசலான சாலைத் துண்டைச் சொடுக்கினால் அதைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியின் வழியும் வண்ணக் கோடாகத் தெரியும். லாரிக்கு ஒரு நிறம், காருக்கு ஒரு நிறம், நகரச் சேவை வண்டிகளுக்கு ஒரு நிறம். என் கணிப்பில் இந்த விளையாட்டின் மிகப் பயனுள்ள கருவி இதுதான். வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொண்டு அந்தக் கோடுகளைப் பின்தொடருங்கள். சாலை ஏன் அடைத்திருக்கிறது என்று கேட்பதைவிட, இத்தனை பேர் எதற்காக இந்தச் சாலைக்கு வந்தார்கள் என்று கேட்டால் விடை சீக்கிரம் வரும்.

உங்கள் ஊரை நான் பார்க்கவில்லை. ஆனால் நுழைவாயிலில் நிற்பவை லாரிகள் என்று சொல்வதால் கோடுகள் எங்கே போய் முடியும் என்று ஊகிக்க முடிகிறது. ஊரின் ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் தொழிற்பேட்டை, நடுவில் வீடுகளும் கடைகளும். காற்று மாசு வீடுகளை எட்டக் கூடாது என்று தொழிற்பேட்டையைத் தள்ளி வைத்திருப்பீர்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் மூலப்பொருள் வெளியிலிருந்து வந்தாலும், உற்பத்தியான சரக்கு வெளியே போனாலும், இரண்டும் ஊரின் நடுவே போகிற ஒரே சாலையில்தான் போயாக வேண்டும். உள்ளூர்த் தொழிற்சாலைகள் கொடுக்கும் சரக்கு கடைகளுக்குப் போதாவிட்டால் அதையும் வெளியூரிலிருந்தே வரவழைத்துக்கொள்ளும், அதற்கும் லாரி. 60 ஆயிரம் பேர் வாழும் ஊரின் தேவை முழுவதும் ஒரு வளைவு வழியாக இறங்குகிறது.

ஆகையால் செய்ய வேண்டிய முதல் வேலை, தொழிற்பேட்டைக்கு நெடுஞ்சாலையிலிருந்து தனி இறக்கம் ஒன்று கொடுப்பது. ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் புறவழிச்சாலையாக இருக்கட்டும். அதன் ஓரத்தில் வீடோ கடையோ முளைக்க இடம் கொடுக்காதீர்கள். ஊருக்கு இன்னொரு பக்கத்திலிருந்து மூன்றாவது நுழைவும் தேவைப்படலாம். நுழைவாயிலை ஒன்றிலிருந்து இரண்டாக்கினால் கிடைக்கும் பலன், இரண்டு தடத்தை ஆறாக்கினால் கிடைப்பதைவிட மிக அதிகம்.

சரக்கு ரயில் நிலையம் வைத்தால் லாரி குறையும் என்று பலரும் சொல்வார்கள். குறையும், இடம் பார்த்து வைத்தால். நிலையத்துக்குச் சரக்கைக் கொண்டுவருவதும் அங்கிருந்து எடுத்துப்போவதும் லாரிகளே. ஊரின் ஒரே பிரதான சாலையில் அதை வைத்தால் புதிதாக ஒரு நெரிசலை நீங்களே உருவாக்கியவர் ஆவீர்கள். தொழிற்பேட்டைக்குள் ஒன்று, கடைத்தெருக்களுக்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு நிலையங்களை வைத்து, நடுவில் உள்ளூர்த் தண்டவாளம் போடுங்கள். வெளியூர்ப் பாதையோடு நேராக இணைத்துவிட்டால் அங்கிருந்து வரும் ரயில்கள் உள்ளூர் ரயிலுக்கு வழிவிடாமல் அடைத்துக்கொள்ளும். வெளியூர்ச் சரக்குக்கு வேறு நிலையம் வைப்பது நல்லது. இன்னொரு வழியும் உண்டு: தொழிற்சாலைகளில் ஒரு பகுதியை அலுவலகங்களாக மாற்றுங்கள். முதல் பாகத்தில் அலுவலகங்களுக்குச் சரக்கே கிடையாது. படித்தவர்கள் அதிகமாகிவிட்ட ஊரில் அலுவலக வேலைக்கு ஆளும் கிடைக்கும்.

அடுத்தது சந்திப்புகள். நெரிசல் சாலையில் தெரிந்தாலும் அது பிறக்கும் இடம் பெரும்பாலும் சந்திப்புதான். நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32 என்று போக்குவரத்துப் பொறியியல் கணக்கிடுகிறது. மூன்று சாலைகள் கூடும் முச்சந்தியில் அது 9. ஒரு தட ரவுண்டானாவில் 8. கணினிக்குள் யாருக்கும் அடிபடப் போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒருவருக்காக இன்னொருவர் காத்திருந்தே தீர வேண்டும் என்பதால் இந்த எண்கள் உங்கள் ஊருக்கும் பொருந்தும். பிரதான சாலையில் நாற்சந்திகளைக் குறைத்து, எதிரெதிர்த் தெருக்களை விலக்கி முச்சந்திகளாக்கினாலே ஓட்டம் ஏறும்.

ஆறு தடச் சாலையோடு இன்னொரு சாலை சேரும் இடங்களில் விளையாட்டு தானாகவே சிக்னல் வைத்துவிடும். நெடுஞ்சாலை இறங்கியவுடன் ஒரு சிக்னல், கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று என்று உங்கள் ஊரிலும் இருக்கும். இரண்டு சிக்னல்களுக்கு நடுவே பத்து லாரி நிற்கத்தான் இடம் என்றால் பதினோராவது லாரி முந்தைய சந்திப்பின் நடுவில் நிற்கும். பின்னால் எல்லாம் அடைத்துக்கொள்ளும். இறக்கத்துக்கும் ஊரின் முதல் சந்திப்புக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். என்னைக் கேட்டால் ஒரு கிலோமீட்டரையும் வீண் என்று சொல்ல மாட்டேன். தேவையில்லாத சிக்னலை நீக்க அதே வழித்தடக் காட்சியில் சந்திப்புகளுக்கான பக்கம் இருக்கிறது. சிறிய தெருக்கள் பிரதான சாலையில் சேரும் இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு, தெருவின் பக்கம் 'நில்' பலகை வையுங்கள்.

நெடுஞ்சாலையில் தடங்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். மூன்று தடம் போகிற சாலையோடு ஒரு தடம் வந்து சேர்ந்தால் அடுத்த துண்டு நான்கு தடமாக இருக்க வேண்டும். ஒரு தடம் பிரிந்த பிறகு மறுபடி மூன்று. அப்படி இருந்தால் யாரும் யாருடைய தடத்திலும் குறுக்கே நுழைய வேண்டியதில்லை. நான்கு தட நெடுஞ்சாலை முதல் வெளியீட்டில் இல்லை. 2017 தொகுப்போடு வந்தது.

ரவுண்டானா எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை எல்லா நோய்க்கும் மருந்தாக நினைத்துப் போடுகிறவர்கள் அதிகம். சுற்றுக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும் என்பதை பிரிட்டனில் 1966-இல் விதியாக்கினார்கள். அதற்கு முன்பு உள்ளே நுழைகிறவர்களே சுற்றை அடைத்துப் பூட்டிவிடுவது அங்கே வழக்கமான தொல்லையாக இருந்தது. விளையாட்டிலும் அந்த விதி இல்லாமல் ரவுண்டானா வேலை செய்யாது. சேரும் சாலைகள் எல்லாவற்றிலும் 'நில்' பலகை வையுங்கள். வட்டம் பெரிதாக இருக்கட்டும், நுழைவுகள் நெருக்கமாக வேண்டாம். புதிய ஊர் தொடங்கும்போது நம் ஊர் வழக்கப்படி இடது பக்கப் போக்குவரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் மற்ற ஆட்டக்காரர்கள் பகிரும் மேம்பாலச் சந்திப்புகளை அப்படியே இறக்கி வைக்காதீர்கள். பெரும்பாலானவை வலது பக்க ஓட்டத்துக்காக வரைந்தவை. ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே என்று பார்த்து வையுங்கள்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு பழைய சிந்தனை இருக்கிறது. 1963-இல் பிரிட்டன் அரசுக்காக காலின் புக்கானன் தலைமையில் 'டிராஃபிக் இன் டவுன்ஸ்' என்ற அறிக்கை வெளிவந்தது. தொலைவுக்குப் போகிற வண்டியும் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய வண்டியும் ஒரே சாலையில் இருந்தால் இரண்டுக்கும் கெடுதல், ஆகவே சாலைகளைப் படிநிலையாகப் பிரிக்க வேண்டும் என்று அது விரிவாக வாதாடியது. இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் சாலைப் படிநிலை என்று ஓயாமல் சொல்வது ஏறக்குறைய அதையேதான்: நெடுஞ்சாலை, பிரதான சாலை, இணைப்புச் சாலை, குடியிருப்புத் தெரு. உங்கள் ஆறு தடச் சாலையின் இருபுறமும் கடைகள் இருக்குமானால், அது தொலைவுச் சாலையாகவும் இல்லை, கடைத்தெருவாகவும் இல்லை. கடைகளைப் பின்புறத் தெருவுக்கு நகர்த்துங்கள்.

ஆனால் படிநிலையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றாதீர்கள் என்பேன். ஒவ்வொரு குடியிருப்பும் ஒரே வாசலில் இணைப்புச் சாலையைத் தொட்டு, எல்லா இணைப்புச் சாலையும் ஒரே பிரதான சாலையில் முடிந்தால், பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர்கூட பிரதான சாலைக்கு வந்துதான் திரும்ப வேண்டும். நகரம் மரம் போலக் கிளை பிரிவதில்லை என்று கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் 1965-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் வாதிட்டார். சாலைகளை மட்டும் நினைத்து அவர் அதை எழுதவில்லை. ஆனாலும் வரைபடத்தில் கோடு இழுக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டிய கட்டுரை. பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகளைச் சின்னச் சாலைகளால் நேரடியாக இணையுங்கள். அதைவிடவும் நல்லது நடைபாதை. முதல் பாகத்து மக்கள் நடக்கத் தயங்காதவர்கள். நேர்வழியில் ஒரு நடைபாதையும் பிரதான சாலைக்கு மேலே ஒரு நடைமேம்பாலமும் கட்டிப் பாருங்கள். சாலையைக் கடக்கிறவர்களுக்காக வண்டிகள் நிற்பது குறையும், காரை எடுக்கிறவர்களும் குறைவார்கள். செலவும் மிகச் சொற்பம்.

இனி மெட்ரோ. ஆள் ஏறாததற்கு உங்கள் ஆறு தடச் சாலையே ஒரு காரணம் என்று சொன்னால் நம்புவீர்களா? ஊர்க்காரர் ஒருவர் வேலைக்குக் கிளம்பும்போது நடந்து, மெட்ரோ ஏறி, இறங்கி நடப்பதற்கு எவ்வளவு நேரம், காரில் போனால் எவ்வளவு நேரம் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். சின்னச் சாலையின் வேக வரம்பு 40 கிலோமீட்டர். ஆறு தடச் சாலைக்கு 60. சாலையில் லாரிகள் நகராமல் நிற்பது அந்தக் கணக்கில் சரியாக ஏறுவதில்லை. அவர் பார்ப்பது வேக வரம்பை. நீங்கள் சாலையை அகலமாக்க அகலமாக்க, கணக்கில் கார் வேகமாகிக்கொண்டே போகிறது, மெட்ரோ பின்தங்குகிறது. காரில் வந்தவர் உங்கள் வரிசையில் இன்னொரு வண்டியாகச் சேர்கிறார்.

நிஜ ஊரிலும் இது நடக்கிறது. காரணம் மட்டும் கொஞ்சம் வேறு. அமெரிக்காவின் ஹியூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் அகலப்படுத்தி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரப் பயணம் முன்பைவிட நீண்டுபோனது. சாலை வசதியானதும் புதிய பயணங்கள் வந்து சேர்ந்துகொள்கின்றன; தொலைவில் வீடு வாங்குகிறார்கள், ஒரு முறை போன இடத்துக்கு இரு முறை போகிறார்கள். அதே ஹியூஸ்டன் 2015 ஆகஸ்டில் தன் பேருந்துத் தடங்களை ஏறக்குறைய முழுமையாக மாற்றி வரைந்தது. நகர மையத்தை நோக்கி வளைந்து நெளிந்து ஓடியவற்றுக்குப் பதிலாக, நேர்கோட்டில் அடிக்கடி ஓடும் தடங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வலைப்பின்னல். ஒரு முறை மாறி ஏறினால் பெரும்பாலான இடங்களுக்குப் போகலாம். இந்த வரைபடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு உங்கள் மெட்ரோவுக்குத் திரும்புங்கள்.

பெரும்பாலும் காண்கிற தவறு, வீடுகளையும் வீடுகளையும் இணைக்கிற பாதை. வீடு இருக்கும் இடத்திலிருந்து வேலையும் கடையும் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். தொழிற்பேட்டையில், அலுவலகப் பகுதியில், கடைத்தெருவில் நிலையம் இருக்கிறதா? வழித்தடக் காட்சியில் இப்போது கார்களின் கோட்டைப் பாருங்கள். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுதான் உங்கள் மெட்ரோவின் வரைபடம். ஒரு மெட்ரோ ரயிலில் 180 பேர் போகலாம், டிராமில் 90, பேருந்தில் 30. ஆகவே பேருந்தை ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுக்காதீர்கள். குடியிருப்புக்குள் சின்னச் சுற்றாக ஓடி, மெட்ரோ வாசலில் ஆளை இறக்கிவிடும் வேலையைக் கொடுங்கள். நிறுத்தம் நெருக்கமாக வேண்டாம். நிலையத்தில் இறங்கி எதிர்ப்புறம் போகச் சாலையைக் கடந்து சுற்ற வேண்டியிருந்தால் அங்கும் ஒரு நடைமேம்பாலம். இந்த விளையாட்டைச் செய்த ஃபின்லாந்தின் கொலோசல் ஆர்டர் நிறுவனம் இதற்கு முன்பு உருவாக்கி, 2011-இல் வெளிவந்த 'சிட்டீஸ் இன் மோஷன்' முழுக்க முழுக்கப் பொதுப் போக்குவரத்து பற்றியது. பேருந்தும் ரயிலும் இதில் இவ்வளவு கருத்தாக அமைந்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

குப்பை வண்டி, சவ ஊர்தி பற்றி: அவையும் அதே வரிசையில்தான் நிற்கின்றன, சாலை சீரானால் பாதி சரியாகும். அவை கிளம்பும் நிலையங்கள் ஊரின் ஒரு மூலையில் மட்டும் இருந்தால் பிரித்து வையுங்கள். இறப்புகள் திடீரென ஒரே நேரத்தில் குவிகின்றனவா என்றும் பாருங்கள். பெரிய குடியிருப்பு ஒன்றை ஒரே மூச்சில் திறந்துவிட்டால் ஏறக்குறைய ஒத்த வயதினர் மொத்தமாகக் குடியேறுவார்கள். அவர்கள் மொத்தமாகவே முதுமையடைவார்கள். அடுத்த முறை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள்.

நகரத் திட்டமிடலில் உங்களுக்கு ஆர்வம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதனால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். முதல் பாகத்தில் கார் நிறுத்த இடம் ஒரு பிரச்சினையே இல்லை. தேவைப்படும்போது கார் தோன்றும், வேலை முடிந்ததும் மறையும். 2013-இல் வந்த 'சிம்சிட்டி' என்ற இன்னொரு நகர விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்டே, நிஜ ஊர்களில் உள்ள அளவுக்கு வாகன நிறுத்துமிடம் வைத்தால் பார்க்கச் சகிக்காது என்பதால், அவை நிலத்துக்கடியில் இருப்பதாக வைத்துக்கொண்டதைப் பேட்டி ஒன்றில் சொல்லியிருக்கிறார். இந்த விளையாட்டுகளில் வளரும் நகரம் இவ்வளவு அழகாக இருப்பதற்கு அதுவும் காரணம். சாலைக்காக ஒரு தெருவை இடித்தால் அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியும் இங்கே எழாது. சந்திப்பு, தடம், நிலையம் பற்றி இதில் கற்பவை நிஜத்துக்கும் உதவும். நிலமும் மனிதர்களும் சம்பந்தப்பட்டதை நிஜ ஊரில் நடந்து பார்த்துத்தான் கற்க வேண்டும்.

போக்குவரத்து ஓட்டம் என்று விளையாட்டு காட்டும் அந்த 58 சதவீதத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். நீண்ட நேரம் நகராமல் நிற்கும் வண்டியை முதல் பாகம் சத்தமில்லாமல் நீக்கிவிடும். உண்மை நிலை காட்டுவதைவிட மோசமாக இருக்கலாம். 'டிராஃபிக் மேனேஜர்: பிரசிடென்ட் எடிஷன்' என்ற மாட் (ஆட்டக்காரர்கள் எழுதிய கூடுதல் நிரல்) போட்டால் அப்படி நீக்குவதை நிறுத்தலாம், தடத்துக்குத் தடம் எங்கே திரும்பலாம் என்றும் கட்டளையிடலாம். இப்போதே அதைப் போட வேண்டாம். முதலில் தொழிற்பேட்டைக்கு அந்தத் தனி இறக்கத்தைக் கட்டிவிட்டு விளையாட்டை ஓடவிடுங்கள். ஏற்கெனவே சாலையில் இருக்கும் வண்டிகள் பழைய வழியிலேயே போய் முடிக்கும் என்பதால் விளையாட்டுக் கணக்கில் சில மாதங்கள் பொறுங்கள். பிறகு அதே சாலைத் துண்டைச் சொடுக்கி, லாரிகளின் கோடு மெலிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மாற்றத்துக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலன் கொடுத்தது என்று தெரியாது.